அக்காவிடம் பேசிவிட்டேன் என்று சொன்ன பொய்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளின் மேல் வார்டு நம்பர்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். தப்பாக இருக்கும் இடங்களைப் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளவும். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது தடவை.

எங்கள் அன்பியத்துக்காக இதை எழுதுகிறேன். வெளியார் கையில் கிடைத்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அன்பியம் என்றால் எங்கள் கோயிலைச் சேர்ந்த பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த ஒரு குழு. உழவர்கரையில் எங்கள் நான்கு தெருக்களுக்கு ஒரு அன்பியம். புதன்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூடுவோம். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடி, நற்செய்தியில் ஒரு பகுதியை இரண்டு தடவை வாசிப்போம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒவ்வொருவரும் தன் மனதைத் தொட்ட வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முக்கியமானது: அந்த வார்த்தையை இந்த வாரம் நம் வீட்டில், வேலையில் எப்படி வாழப் போகிறோம் என்று முடிவு எடுப்போம். அடுத்த புதன்கிழமை, செய்தோமா என்று சொல்ல வேண்டும். கடைசியில் சுண்டல், டீ.

பதினோரு வருஷமாக நான் போகிறேன். எப்போதும் கதவுக்குப் பக்கத்தில், செருப்புகளை ஒட்டி உட்காருவேன். என் முறை வரும்போது "ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்வேன். அவ்வளவுதான். எல்லோருக்கும் இது பழகிப்போய்விட்டது. ஆட்டோ ஓட்டும் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் எனக்காக "ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பார். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். என் அம்மா இறந்தபோது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பா மில்லில் வேலை. அக்காதான் சமைத்தாள், துவைத்தாள், எனக்காகப் பேசினாள். கடையில் போய் நான் நிற்பேன். பின்னால் வந்து "இவனுக்கு ஒரு பென்சில் குடுங்க" என்று கேட்பாள். கோயிலில் முதல்முதலாக நன்மை அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு முன்னால் மந்திரங்களைக் கேட்டுப் பார்க்கும் கன்னியர், நான் முழிப்பதைப் பார்த்து "இவனுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்றபோது, ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த அக்கா, "தெரியும் சிஸ்டர், வீட்டுல நல்லா சொல்லுவான்" என்றாள். எனக்கு அப்போது அந்த மந்திரம் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது ஆகும்வரை அப்பா மாப்பிள்ளை பார்க்கவில்லை. அப்போது அவள் இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ஐஸ் வண்டி ஓட்டி வந்த ஒருவரோடு போய்விட்டாள். அவர் கனகசெட்டிக்குளத்து மீனவர், இந்து. அவருடைய ஊர்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. அப்பா ஒன்றும் கத்தவில்லை. சுவரில் மாட்டியிருந்த குடும்ப போட்டோவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு இல்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லையே.

ஐந்து வருஷம் கழித்து அப்பா இறந்தார். சிமித்தேரியில் அம்மாவைப் புதைத்த அதே குழியைத் திறந்து அப்பாவை வைத்தோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு கல்லறை. எங்கள் கோயில் சாமியார் மந்திரித்துவிட்டுப் போனார். பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் எடுத்துப் போட வேண்டும். பிள்ளைகள்தான் முதலில். நான் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அக்கா நிற்கிறாள். யார் சொல்லி வந்தாள் என்று தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே அவள் புருஷன் இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவிட்டாள்.

பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். அவர் பேசிய பேச்சையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். அவரும் இறந்துவிட்டார். தாலி எங்கே கட்டினாளோ அங்கேயே போகட்டும், இந்த மண் அவளுக்கு இல்லை என்பதுதான் அதன் சாரம். சிலர் அவர் பக்கம், சிலர் பாவம் விடுங்கள் என்றார்கள். அப்போது பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஆம்பிளைப் புள்ள நீதான். நீ சொல்லு. போடலாமா, வேணாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. பென்சில் கேட்கப் போன கடையில் நான் நிற்கும்போது பார்ப்பாளே, இப்போதாவது சொல்லுவானா என்று, அந்தப் பார்வை. "போடட்டும்" என்று ஒரு வார்த்தை. அது என் வாய் வரை வந்தது. நான் குழி வெட்டுகிறவரின் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிடியில் பச்சைத் துணி சுற்றியிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவள் மூடிய கையோடு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

அது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். அந்த மூடிய கை மட்டும் என்னை விடவில்லை. அந்த மண்ணை அவள் என்ன செய்திருப்பாள்? ஒரு துணியில் முடிந்து வைத்திருப்பாள், வீட்டில் எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் இடத்தில் மிஷின் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அங்கே நின்றுகொண்டு இந்த மாதிரி எதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம்.

பெரிய வியாழன் இரவில் ஆண்டவர் பிடிபட்டதும் அவருடைய சீடர் இராயப்பர் அவரைத் தெரியாது என்று சொன்னதை வருஷா வருஷம் கோயிலில் வாசிப்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அவர் வாயைத் திறந்து மறுதலித்தார். நான் வாயைத் திறக்காமலே மறுதலித்தேன். அவருக்குக் கோழி கூவியது, வெளியே போய் அழுதார். நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

நான்கு வருஷமாக அக்கா சாரம் என்ற இடத்தில் சாலையோரம் உட்கார்ந்து மீன் விற்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ஒருநாள் சைக்கிளில் போகும்போது பார்த்துவிட்டேன். தலை நரைத்திருந்தது. அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வேறு ரோட்டில் சுற்றிப் போக ஆரம்பித்தேன். கால் மணி நேரம் கூட ஆகும். வீட்டில் கேட்டதற்கு அந்த ரோட்டில் பள்ளம் என்றேன்.

இனி பொய்க்கு வருகிறேன்.

இந்த வருஷம் செப்டம்பரில் மாதா திருநாள் முடிந்த வாரம், அன்பியத்தில் வாசித்த பகுதி பீடத்தில் வைக்கும் காணிக்கையைப் பற்றியது. நீ காணிக்கை கொண்டுவரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானம் செய்துகொள், பிறகு வா என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. அந்த வாரம் எடுத்த முடிவு, ஒவ்வொருவரும் பேச்சு விட்டுப்போன ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும் என்பது.

அடுத்த புதன்கிழமை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஆட்டோக்காரர், ஆறு வருஷமாகப் பேசாத மச்சான் வீட்டுக்குப் போனாராம். "உள்ள வான்னுகூட சொல்லல. நானே போய் உக்காந்துட்டேன். என்னா பண்ணுவான்? காபி குடுத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் அன்பியத்துக்குப் பொறுப்பாக இருப்பது ரிட்டையரான ஒரு டீச்சர். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அவருக்கு அக்காவைத் தெரியும், எங்கள் கதையும் தெரியும்.

"இன்னிக்கு நன்றி வேணாம் தம்பி. உனக்கும் ஒருத்தி இருக்கா. அக்காகிட்ட பேசினியா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அன்பாகத்தான் கேட்டார். ஆனால் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். கல்லறை ஓரத்தில் திரும்பிப் பார்த்த மாதிரியே. இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல எவ்வளவு பேச வேண்டும். ஒரே வார்த்தையில் தப்பிக்க ஒரு வழிதான் இருந்தது.

"பேசிட்டேன் டீச்சர்."

கைதட்டினார்கள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காகவே ஒரு நன்றிப் பாட்டுப் பாடினார்கள். ஆட்டோக்காரர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு உண்மையான வார்த்தை வராத வாயில் இந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் கைதட்டவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "எப்ப போனீங்க?" என்று கேட்டாள். நான் பேசாமல் நடந்தேன். தெருமுனையில் அவள் நின்றாள். பிறகு, "வர்ற புதன்கிழமைக்குள்ள போயிட்டு வந்துடுங்க. பொய்யி நெசமாயிடும்" என்றாள்.

நல்ல யோசனைதான். நான் போகவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போகவில்லை. முன்பு போகாமல் இருந்ததற்குக் கூச்சம் காரணம். இப்போது போய் நின்றால், பொய்யை மறைக்கத்தான் வந்தேன் என்று எனக்கே தோன்றுமே.

பூசையில் நன்மை எடுக்க என்னால் முடியவில்லை. எல்லோரும் வரிசையில் எழுந்து நிற்கும்போது வெளியே போய்க் குழாயில் தண்ணீர் குடிப்பேன். மூன்று ஞாயிறு தண்ணீர் குடித்தேன். அதற்கு முன்னால் சமாதானம் சொல்லும் நேரம் வரும். கைகூப்பி வலது பக்கமும் இடது பக்கமும் திரும்பிச் "சமாதானம்" என்று சொல்ல வேண்டும். அறிமுகம் இல்லாதவர்களிடம் அதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருநாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் போனேன். கோபப்பட்டேன், ஜெபம் சொல்ல மறந்தேன், ஒரு பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொல்லி, நடுவில் அதைச் சொருகிவிட்டேன். சாமியார் மூன்று கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்குக் கேட்கத் தோன்றாத மாதிரிதான் நான் சொல்லியிருந்தேன்.

ஜெபமாலை மாதமான அக்டோபரில் இரண்டாவது புதன்கிழமை. கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோஷம். சாரத்துக்கு ஏதோ வேலையாகப் போனாராம். மீன் வாங்க நின்றாராம். முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டதாம். எல்லோரும் கேட்கிற மாதிரி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி வந்து பேசிச்சாமே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமான்னு கேட்டேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தா. அப்புறம், ஆமா டீச்சர், வந்துச்சு, நல்லா பேசிச்சு அப்படின்னா. எனக்கு ரெண்டு மீனு கூடப் போட்டுக் குடுத்தா."

மறுபடியும் கைதட்டினார்கள். எனக்குக் காதில் மிஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. நல்லா பேசிச்சு. ஜன்னலுக்கு வெளியே நின்று, வீட்டில் நன்றாகச் சொல்லுவான் என்றாளே, அதே அக்கா. என்ன நடந்தது, ஏன் இப்படி ஒரு பேச்சு என்று அவளுக்கு ஒன்றுமே தெரியாது. நான் எங்கேயோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கிறது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி என்னைத் தெருவில் நிறுத்தியிருக்கலாம். அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அன்றைக்கு எந்தப் பகுதியை வாசித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. என் முறை வந்தபோது ஆட்டோக்காரர் "ஆண்டவருக்கு நன்றி" என்றார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் பழைய ரோட்டிலேயே போனேன். சாரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் ஒரு செல்போன் கடை வாசலில் நின்றேன். அவள் குடையின் கீழ் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் ஆள். இத்தனை பேர் முன்னால் எப்படி என்று திரும்பிவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த வாரம் போனபோது அவள் இடம் காலியாக இருந்தது. தொடர்ந்து மூன்று நாள் இல்லை. பக்கத்தில் கருவாடு விற்கும் அம்மாவிடம் போய்க் கேட்டேன். கேட்கவே எனக்கு வேர்த்துவிட்டது. முட்டிக்கு முட்டி வலி, வீட்டிலேயே கிடக்கிறாள் என்றார். "நீ யாரு?" என்று கேட்டார். சொந்தம் என்றேன். தம்பி என்று சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கனகசெட்டிக்குளம் பஸ் ஏறினேன். மழை பிடித்திருந்தது. பஸ்ஸில் அந்தக் காணிக்கைப் பகுதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போய்ச் சமாதானம் செய்துகொண்டு வா என்று இருக்கிறது. அங்கே போய், அவன் கதவைத் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று இல்லை. பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு வந்த காணிக்கை யாரும் தொடாமல் அப்படியே கிடக்குமா? இதை எப்போதாவது அன்பியத்தில் கேட்டிருக்கலாம். கேட்டதில்லை.

மீனவர் தெருவில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். கதவு திறந்தே இருந்தது. அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"உள்ள வா. நனையுது" என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் அவள் புருஷன் போட்டோ இருந்தது. அதில் மாலை போட்டிருந்தது. கீழே சின்ன விளக்கு. சிமித்தேரி கேட்டுக்கு வெளியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற மனிதர். அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"எப்போ?" என்று கேட்டேன்.

"மூணு வருஷமாச்சு. நெஞ்சு வலி."

"சொல்லி அனுப்பல."

அவள் தைலப் பாட்டிலை மூடினாள். "சொல்லி அனுப்பி? நீ வந்து நிப்பே. நின்னுட்டுப் போவே."

அவள் குரலை உயர்த்தவில்லை. மன்னிச்சிடு அக்கா என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். பஸ்ஸில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் கேட்டாள். "அந்த டீச்சரம்மா வந்துச்சு. என்னாடா அது?"

அதை மட்டும் சொன்னேன். அன்பியம், காணிக்கைப் பகுதி, எல்லோரும் திரும்பிப் பார்த்தது, ஒரே வார்த்தையில் தப்பித்தது. நான் இவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும், நீ ஏன் எனக்காக ஆமாம் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"உனக்காகவா?" என்றாள். "அந்தம்மா மூஞ்சி அவ்வளோ சந்தோஷமா இருந்துச்சு. வயசானவங்க. ரோட்டுல வெச்சு அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. அவ்வளோதான்."

அவள் எனக்காகச் சொன்னாள் என்று நினைத்து நான் இரண்டு வாரமாக அழுதிருந்தேன். அது போகட்டும். ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த மண்ணை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எந்த மண் என்று யோசித்தாள். பிறகு நினைவு வந்தது.

"அதுவா? பஸ்ல கூட்டம். ஒரு கையில புள்ள. கம்பியப் புடிக்க இன்னொரு கை வேணுமே. ஸ்டாப்புலயே கொட்டிட்டேன்."

பத்தொன்பது வருஷமாக நான் துணியில் முடிந்து பத்திரமாக வைத்திருந்த மண் அது. அவள் அதை அன்றைக்கே பஸ் ஸ்டாப்பில் கொட்டிவிட்டாள்.

கல்லறைத் திருநாளுக்குச் சிமித்தேரிக்கு வருகிறாயா, இந்தத் தடவை யாரும் தடுக்க மாட்டார்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "முட்டி வலி" என்றாள். தைலப் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, "முட்டி சரியா இருந்தாலும் வரமாட்டேன்" என்றாள். அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி உன் பேரில் வைக்கட்டுமா என்று கேட்டேன். "உன் பேர்ல வை. என் பேரை இழுக்காத" என்றாள்.

மழை விட்டதும் எழுந்தேன். சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை. அம்மா செத்த நாளிலிருந்து வீட்டை விட்டுப் போன நாள் வரை அவள் என்னை அதைக் கேட்காத நாள் இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி. அந்தம்மாகிட்ட நெசத்தைச் சொல்லிடு. மறுபடியும் மீனு வாங்க வரும். வந்து கேக்கும். ஒரு தடவ சொல்லிட்டேன். திரும்பத் திரும்பப் பொய் சொல்ல என்னால ஆவாது."

சரி என்றேன். அதுதான் அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம். சிமித்தேரியில்கூட அவள் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை.

இன்றைக்குக் காலையில் சிமித்தேரிக்குப் போனோம். நேற்றே நான் கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தேன். சாமந்திப் பூ வைத்து, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஈரக் காற்று, மூன்று தடவை அணைந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். டீச்சர் எங்கள் கல்லறைக்கு வந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். "அக்கா வரலையா?" என்று கேட்டார். முட்டி வலி என்றேன். அதுவும் பாதிதான் உண்மை. வாயால் என்னால் இவ்வளவுதான் முடிகிறது என்று அப்போது தெரிந்துவிட்டது.

வேதாகமத்தில் சக்கரியா பேச்சு நின்றுபோன பிறகு பலகை கேட்டு வாங்கி எழுதிக் காட்டினார். எழுதியதும் அவருக்குப் பேச்சு வந்தது. எனக்கு அப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் உண்மையை எழுதினார், நானும் எழுதலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

டீச்சர், அன்பியத்தில் உள்ள எல்லோரும்: அன்றைக்கு நான் சொன்னது பொய். என் அக்காவிடம் நான் பேசியிருக்கவில்லை. சாரத்தில் அவள் சொன்னதும் என் பொய்யால் வந்தது; அதை அவள் கணக்கில் வைக்க வேண்டாம். நீங்கள் எனக்காகக் கைதட்டியதையும் பாடியதையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கல்லறையில் அவளை மண் போடவிடாமல் செய்தது பெரியப்பா மட்டும் இல்லை. பிறகு நான் போய்ப் பார்த்தேன். அவள் என்னை உள்ளே உட்கார வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் காணிக்கை இன்னும் பீடத்துக்கு வெளியேதான் கிடக்கிறது. நான் நன்மை எடுக்கலாமா கூடாதா என்று சாமியாரிடம் இந்தத் தாளைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

என் மனைவியிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் ற போட்டுத் திருத்தினாள். நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். வரும் புதன்கிழமை வாசிப்பு முடிந்து என் முறை வரும்போது இதை டீச்சர் கையில் கொடுப்பேன். அவர் சத்தமாகப் படிக்கட்டும். படித்து முடிக்கும் வரை நான் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் குடிக்க எழுந்து போக மாட்டேன்.

எழுதி முடித்தது: கல்லறைத் திருநாள், நவம்பர் இரண்டாம் தேதி, சாயங்காலம், விளக்குப் போடும் நேரம்.